2002-க்கு முன் பிரிட்டனில் வேலை பார்த்தீர்களா? உங்கள் சேர்ப்ஸ் பணத்தைத் தேடும் வழி

பிரிட்டனில் 1978 ஏப்ரலுக்கும் 2002 ஏப்ரலுக்கும் நடுவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், சில வருடங்களே ஆனாலும், சேர்ப்ஸ் (SERPS) என்ற பெயரை மறக்க வேண்டாம். அடிப்படை அரசு ஓய்வூதியத்துக்கு மேல், வாங்கிய சம்பளத்துக்கு ஏற்ப இன்னொரு தொகை தரும் திட்டம் அது. சுயதொழில் வருமானம் இதில் சேராது.

கணக்கு இப்படித்தான்: ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் ஒரு கீழ் வரம்புக்கும் மேல் வரம்புக்கும் இடைப்பட்ட பகுதியை எடுத்து, நாட்டின் சம்பள உயர்வுக்கு ஏற்ப அதை உயர்த்திப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில், நன்றாகச் சம்பாதித்த 20 வருடங்களின் சராசரியில் 25 சதவீதம் என்று இருந்தது. 1986-இல் வந்த சட்டம் பிந்தி ஓய்வு பெறுவோருக்கு இதை வாழ்நாள் சராசரியாக மாற்றி, விகிதத்தையும் படிப்படியாக 20 சதவீதத்தை நோக்கி இறக்கியது, அதனால் அண்ணனுக்கு வருகிற தொகையை வைத்து உங்களுடையதைக் கணிக்காதீர்கள்.

சரி, பலருக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறதே, ஏன்? பெரும்பாலும் 'கான்ட்ராக்ட் அவுட்' தான் காரணம். நிறுவனத்துக்குச் சொந்த பென்ஷன் இருந்தால், நீங்களும் முதலாளியும் தேசியக் காப்புறுதியை (சம்பளத்திலிருந்து அரசுக்குக் கட்டும் 'நேஷனல் இன்ஷூரன்ஸ்' தொகை) குறைவாகக் கட்டி, சேர்ப்ஸிலிருந்து விலகியிருக்கலாம். பழைய சம்பளச் சீட்டில் காப்புறுதித் தொகை எழுதியிருக்கும் இடத்தின் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் விலகியிருந்தீர்கள் என்று பொருள். 'ஏ' இருந்தால் பொதுவாக இல்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம்: 1988-லிருந்து தனிநபர் பென்ஷன் வழியாகவும் விலக முடிந்தது, அப்படி விலகியவர்கள் முழுக் காப்புறுதி கட்டினார்கள், விலகியதற்கான தள்ளுபடித் தொகை பிறகு நேராக அந்த பென்ஷனுக்குப் போனது, சீட்டில் எதுவும் தெரியாது. அந்தப் பணம் இப்போது ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் உங்கள் பெயரில் இருக்கலாம். பழைய கடிதங்களைத் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள்.

முதலில் அரசின் இணையதளத்தில் உங்கள் ஓய்வூதிய முன்கணிப்பையும் காப்புறுதிப் பதிவையும் எடுங்கள், வேலை பார்த்த வருடம் ஏதாவது விடுபட்டிருந்தால் கேளுங்கள். அப்புறம் பழைய நிறுவனங்களின் பெயர்களை எழுதி, அரசு நடத்தும் பென்ஷன் தேடும் சேவையில் விசாரியுங்கள், அது இலவசம். காசு கேட்டுத் தேடித் தருபவர்கள் தேவையே இல்லை.

2016 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு புதிய அரசு ஓய்வூதியத் திட்டம் பொருந்தும், சேர்ப்ஸ் தனித் தொகையாக வராது. அந்தத் தேதி வரை சேர்ந்ததைப் பழைய விதிப்படியும் புதிய விதிப்படியும் கணக்கிட்டு, எது அதிகமோ அதைத் தொடக்கத் தொகையாக எடுத்துக்கொண்டார்கள். அது புதிய முழு ஓய்வூதியத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி 'பாதுகாக்கப்பட்ட தொகை' என்று கூடவே வரும்.

துணையை இழந்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இறந்தவரின் சேர்ப்ஸில் ஒரு பங்கு உங்களுக்கு வரக்கூடும், அவர் பிறந்த தேதியைப் பொறுத்துப் பாதியிலிருந்து முழுவதும் வரை. துக்கத்தில் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது, ஆகவே பிள்ளைகளாவது ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு அம்மாவுக்காகவோ அப்பாவுக்காகவோ கேளுங்கள்.