மாவு ஸ்டோருக்குக் கணினிக் கணக்கு: ஒற்றை எழுத்து ஏமாற்றிய கதையோடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஸ்டோர் பார்க்கும் முறுக்குத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு இரண்டு டன் மாவு போகும். 25 கிலோ மூட்டையில் 80 மூட்டை. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதத்தில் அதுவும் பத்தாது. போன வருடம் வரை இத்தனைக்கும் கணக்கு ஒரு நீல அட்டை நோட்டில்தான் இருந்தது. என் தாத்தா தீம்பாரில், அதாவது தோட்டத்தில், கிராணியாகக் கணக்கு எழுதியவர், காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்ற ஆட்களை விடிவதற்குள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றியவர். அதனால் நோட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் ‘கடலை 40 மூட்டை’ என்றுதான் இருக்கும். எந்த லோரியில் வந்த 40, அதில் எது எந்தப் பாக்கெட்டுக்குள் போனது என்பதெல்லாம் இருக்காது. மெஸ்தி என்ற மலேசிய உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தடமறிதல் கட்டாயம் என்றதும் பாஸ் என்னைப் பார்த்தார், நான் கணினியைப் பார்த்தேன்.

கூகுள் ஷீட்ஸ் திறக்கத் தெரியும், கூட்டல் சூத்திரம் போடத் தெரியும் என்றால் போதும். ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற பெரிய மென்பொருளை எடுத்ததுமே தொடாதீர்கள். நல்லவைதான், லாட் வாரியான கணக்கும் (ஒரே லோரியில் சேர்ந்து வந்த சரக்கு ஒரு லாட்) அவற்றில் உண்டு. ஆனால் ஸ்டோரில் ஒழுங்கு வராமல் அவற்றைப் போட்டால், குழப்பம் அப்படியே கணினிக்குள் குடியேறிவிடும்.

முதலில் பட்டியல்

‘இருப்பு’ என்று ஒரு பத்தி போட்டு, அதில் எண்ணை அழித்து அழித்து எழுதுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். நடமாட்டத்தை மட்டும் பதியுங்கள். ஒரு வரிக்கு ஒரு நடமாட்டம்: தேதி, லாட், பொருள், கிலோ, காரணம். வந்தால் கூட்டல் குறி, அடுப்புக்குப் போனால் கழித்தல் குறி. கெட்டுப்போனதும் எண்ணிப் பார்த்துத் திருத்தியதும் தனித்தனிக் காரணங்கள். இருப்பை இன்னொரு தாளில் சம்இஃப்ஸ் சூத்திரம் லாட் வாரியாகக் கூட்டிக் கொடுக்கும். பழைய வரியை யாரும் தொடக் கூடாது. தவறு நடந்தால் புதிய வரி போட்டுத் திருத்துங்கள்.

லாட்டுகளுக்கு இன்னொரு சின்னத் தாள் வேண்டும்: லாட் எண், சப்ளையர், சப்ளையர் மூட்டையில் அச்சடித்த லாட் எண், காலாவதித் தேதி. தேதியை 2025-06-05 என்ற வரிசையில் எழுதுங்கள். 05/06 என்று எழுதினால், ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருக்கும்போது ஜூன் 5 மே 6 ஆகிவிடும். செட்டிங்ஸில் நாட்டை ‘யுனைடெட் கிங்டம்’ மாதிரி நாள் முதலில் வரும் நாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் கிலோவில்

மூட்டைக் கணக்கு வேண்டாம். கடலை மாவு ஒரு சப்ளையரிடமிருந்து 25 கிலோவாக வரும், இன்னொருவரிடமிருந்து 50 கிலோவாக வரும். எண்ணெய் 17 கிலோ டின். இது போக அடுப்படி அக்கா, “பாதிதான் லா எடுத்தேன் தம்பி” என்பார். அவருக்கு வாய் பிரித்த மூட்டை எல்லாமே பாதி மூட்டைதான். நான் தராசில் வைத்துப் பார்த்த ஒரு ‘பாதி’ ஏழு கிலோ இருந்தது, இன்னொன்று பத்தொன்பது. இப்போது அடுப்படிக் கதவோரம் ஒரு தராசு நிற்கிறது. பிரித்த மூட்டை திரும்பி வந்தால் நிறுத்துத்தான் உள்ளே விடுவோம்.

லாட் எண்: நான் விழுந்த குழி

இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

லாட் எண்ணைச் சுருக்கமாக வைக்க நினைத்தேன். வந்த தேதி ஆறு இலக்கம், சப்ளையருக்கு ஒரு ஆங்கில எழுத்து, அன்றைக்கு வந்த எத்தனையாவது லோரி. ஏ, பி, சி, டி என்று நான்கு சப்ளையர்கள். ‘250312பி1’ என்றால் 2025 மார்ச் 12, பி சப்ளையர், முதல் லோரி. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் கடலைக்கு ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தார். ஐந்தாவது எழுத்து ‘இ’.

ஆகஸ்டில் அவரிடமிருந்து போன் வந்தது. ஜூன் 14-இல் இறக்கிய இரண்டாவது லோரிக் கடலையில் ஈரம் ஏறியிருக்கிறது, எடுத்துத் தனியே வையுங்கள் என்றார். ‘250614இ2’ என்று ஷீட்டில் தேடினேன், இல்லை. பத்தியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனால் இ சப்ளையரின் லாட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘2.51இ+06’, ‘2.51இ+07’ என்று ஏதோ நிற்கிறது. முதலில் ஸ்கேனரைச் சந்தேகப்பட்டேன், பிறகு பக்கத்து மேசைத் தம்பியைச் சந்தேகப்பட்டேன். இருவருமே நிரபராதி.

எண், நடுவில் ‘இ’, அப்புறம் இன்னொரு எண் என்று வந்தால், ஷீட்ஸும் எக்செலும் அதை அறிவியல் முறையில் எழுதிய எண் என்று எடுத்துக்கொள்ளும். 250614இ2 என்றால் அதற்கு 250614 பெருக்கல் 100, அதாவது 25061400. ஏ, பி, சி, டிக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது, அதனால் அவை தப்பித்தன. எழுத்துச் சுருங்கிக் காட்டும்போது ஜூன் 14-ம் ஜூன் 21-ம் ஒரே ‘2.51’ ஆகத் தெரிந்தன. யுஎஸ்பி ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். கையால் தட்டினால் ஷீட் என்ன செய்யுமோ அதையேதான் ஸ்கேன் செய்தாலும் செய்யும்.

மூட்டையில் ஒட்டிய லேபிள் சரியாகவே இருந்ததால் ஸ்டோரில் மிஞ்சிய 18 மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டோம். ஏற்கெனவே வறுத்துப் பாக்கெட்டில் போட்டது எது என்றுதான் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரத்துச் சரக்கை லோரியில் ஏற்றாமல் நிறுத்தினார் பாஸ். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, தீர்வு. பத்தியைத் தேர்ந்து ஃபார்மேட், நம்பர், பிளெயின் டெக்ஸ்ட் என்று முதலிலேயே மாற்றுங்கள். எண்ணாக மாறிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் பழைய எழுத்து திரும்பி வராது. தேதியை நாள் முதலில் வரும்படி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, 051225 என்பது முன் பூஜ்யத்தை இழந்து 51225 ஆகும். ஆனால் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்குவது காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரிதான். ஷீட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறக்கும்போது காயம் மறுபடி திறந்துகொள்ளும். மருந்து லாட் எண்ணிலேயே இருக்கிறது: சப்ளையர் எழுத்தை முன்னால் கொண்டு வாருங்கள், லோரி எண்ணுக்கு முன் ஒரு கோடு போடுங்கள். ‘இ250614-2’. இதை எந்த ஷீட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளாது.

லேபிள்

வெறும் சூட்டில் அச்சாகும் லேபிள் மலிவு, ரிப்பன் வேண்டாம். நம்பி வாங்கினேன். எண்ணெய்ச் சட்டிக்கு இரண்டு கெஜம் தள்ளி வைத்த டின்களில் ஒரே வாரத்தில் லேபிள் சாம்பல் நிறமாகிவிட்டது. ரிப்பன் போடும் பிரிண்டரே வாங்குங்கள். கோடு போட்ட பார்கோடை விட கியூஆர் எனக்குப் பிடிக்கும். பிழை திருத்தும் அளவை உச்சத்தில் வைத்தால் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கும். மாவு படியும் இடத்துக்கு அது வேண்டும். கியூஆருக்குக் கீழே லாட் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். எங்கள் ஸ்டோரில் நேப்பாளத் தம்பிகளும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள், அதனால் காலாவதி மாதத்துக்கு ஒரு வண்ணப் பட்டை வைத்தேன். தமிழும் மலாயும் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும்.

மூட்டைக்கு மூட்டை தனி எண் வேண்டாம். ஒரு லாட்டின் எல்லா மூட்டைக்கும் ஒரே லேபிள் போதும்.

கைப்பேசியில் ஸ்கேன்

ஸ்டோருக்குள் கணினியை வைக்காதீர்கள், மாவு அதைக் கொன்றுவிடும். கூகுளின் ஆப்ஷீட் செயலியில் அந்த ஷீட்டைத் திறந்து, லாட் பத்தியின் வகையை டெக்ஸ்ட் ஆக்கி, ‘ஸ்கேனபிள்’ என்பதை டிக் செய்தால் கேமராவே ஸ்கேனர். தகரக் கூரைக்கு அடியில் லைன் கிடைக்காவிட்டாலும் பதிவைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து, வெளியே வந்ததும் அனுப்பிவிடும். நடமாட்டத்தை மட்டும் பதியச் சொன்னது இதற்கும்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் இரண்டு வரி சேரும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கும் வாய்ப்பு குறைவு.

எது முதலில் போக வேண்டும்

முதலில் வந்தது முதலில் என்று பழகியிருப்போம். உணவுக்கு அது போதாது, முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். பிந்தி வந்த லோரியில் முந்திய சரக்கு இருக்கும், சப்ளையர் தன் ஸ்டோரைக் காலி செய்வார் அல்லவா. இருப்பு பூஜ்யத்துக்கு மேலுள்ள லாட்டுகளை ஃபில்டர் செய்து, காலாவதித் தேதியால் சார்ட் செய்யுங்கள். மேலே நிற்பதைத்தான் எடுக்க வேண்டும். தினமும் காலை அந்த வரிகளை அச்சடித்துக் கதவில் ஒட்டுகிறேன்.

பிற்சேர்க்கை 1: குளுவாங்கில் ஊறுகாய் போடும் ஒருவர், சப்ளையர் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தோடு எண் சேர்த்து ‘மார்-25’ என்று லாட் வைத்தாராம். ஷீட் அதை மார்ச் மாதத் தேதி ஆக்கிவிட்டது. பிளெயின் டெக்ஸ்ட் போடாத குறைதான், ஆனால் ‘ஜூன்’, ‘மே’, ‘டெக்’ மாதிரிச் சுருக்கங்களையே தவிர்த்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: மாதம் ஒரு முறை மொத்தமாக எண்ணுவதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தினம் மூன்று லாட் எண்ணுங்கள், அதில் ஒன்று கடலையாக இருக்கட்டும். வித்தியாசம் வந்தால் உடனே திருத்த வரி போடாதீர்கள், முதலில் பாலட்டின் (மூட்டை அடுக்கும் பலகையின்) பின்பக்கம் போய்ப் பாருங்கள். நேற்று எனக்கு 75 கிலோ குறைந்தது. மூன்று மூட்டையும் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் சுவரோரம் சாய்ந்து கிடந்தன.