உங்கள் நகைச்சுவை ரசனையைக் கண்டறிவது எப்படி?

எந்த வகை நகைச்சுவை தமக்கு ஒத்துவரும் என்று அறிய விரும்புவோர், பிரிட்டிஷ் படைப்புகள் மூன்றை அடுத்தடுத்துச் சுவைத்துப் பார்க்கலாம். முதலில் எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ், ஜீவ்ஸ் என்ற புத்திசாலிப் பணியாளரை வைத்து எழுதிய கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, நடக்கும் சம்பவத்தைவிட அதைச் சொல்லும் வாக்கியத்துக்கே சிரிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அசட்டு எஜமானர் பெர்ட்டியே பெரும்பாலும் கதை சொல்வதால், அவருக்குப் புரியாதது நமக்குப் புரிந்துவிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்து, பிபிசி 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் ஒளிபரப்பிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர்; மொத்தம் 12 பகுதிகளே. ஒரு பொய்யை மறைக்க இன்னொன்றைச் சொல்லி விடுதி முதலாளி வசமாக மாட்டிக்கொள்ளும் வேகம்தான் அதன் உயிர். 2001இல் தொடங்கிய 'தி ஆஃபீஸ்' தொடரிலோ பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. மேலாளர் அசட்டு ஜோக் அடித்ததும் கவியும் மௌனத்தில் சிரிப்புக்குப் பதிலாக உங்களுக்கு உடல் கூசினால், தயங்காமல் நிறுத்திவிடலாம்.