சந்தை சரிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூர் பங்குச் சந்தைக் குறியீடான எஸ்டிஐ இறங்கியதும் "என்ன செய்தி?" என்று தேடாதீர்கள். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது, அதற்கு ஈடான செய்தி எதுவும் அன்று இல்லை. விலை இறங்க இறங்கத் தானாக விற்கும் ஏற்பாட்டைப் பெரிய நிதிகள் பல வைத்திருந்தன. ஒருவர் விற்க விலை இறங்க, அந்த இறக்கமே அடுத்தவரையும் விற்க வைத்தது. சிக்கலான அமைப்பு என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான்.

நீங்களே சோதிக்கலாம். எஸ்டிஐயின் பத்தாண்டு தினசரி முடிவு விலையை எக்செல்லில் போட்டு, ஒவ்வொரு நாளின் சதவீத மாற்றத்தையும் கணக்கிட்டு, எந்த அளவு மாற்றம் எத்தனை நாள் வந்தது என்று வரைந்து பாருங்கள். பெரும்பாலான நாள்கள் பூஜ்ஜியத்தை ஒட்டியே கிடக்கும், அதை விடுங்கள். ஓரங்களைப் பாருங்கள்: புள்ளியியலில் வழக்கமாகப் பயன்படுத்தும் மணி வடிவ வளைவு 'நடக்கவே நடக்காது' என்று சொல்லும் சரிவுகள் அங்கே இருக்கும், அதுவும் 2020 மார்ச் போலக் கொத்தாக.

அப்புறம் சிங்கப்பூரின் மூன்று பெரிய வங்கிகள்: டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி. மூன்றையும் வாங்கிவிட்டுப் பணத்தைப் பிரித்துப் போட்டாயிற்று என்று நம் ஆட்கள் நிம்மதியாகிவிடுவார்கள் (எஸ்டிஐயில் ஏறக்குறைய பாதி எடை இந்த மூன்றுதான்!). மோசமான வாரத்தில் மூன்றும் சேர்ந்தே இறங்கும். மார்ஜின் கடனில் (பங்கையே அடமானமாக வைத்துப் புரோக்கரிடம் வாங்கும் கடன்) வாங்கியிருந்தால் புரோக்கரே உங்கள் பங்கை விற்றுவிடலாம், அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும். இதை வைத்து நாளைய விலையைச் சொல்ல முடியாது, எவ்வளவு கடன் உங்களுக்குத் தாங்கும் என்று முடிவுசெய்யலாம்.