இளம் ஷெங் பு-எர்: கசப்புக்குப் பயந்து செய்யும் தவறுகள்

சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தேநீரான பு-எரில் இரண்டு வகை உண்டு. இலையை ஈரத்தோடு குவித்து வேகமாக நொதிக்க வைப்பது ஷோ. 1973-ல் யுன்னானின் தலைநகரான குன்மிங்கில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உருவான முறை இது. குடிக்கச் சாதுவாக, மண்வாசத்தோடு இருக்கும். இலையை வாட்டி, இரும்புச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவி காட்டி வட்டாக அழுத்துவது ஷெங். அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மாறும். அந்த மாற்றம் தொடங்கி ஓரிரு வருடமே ஆன இளம் ஷெங்கைத்தான் நிறையப் பேர் ஒரு வாய் குடித்துவிட்டு, தாங்க முடியாத கசப்பு என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு தேயிலையில் இல்லை, போட்ட விதத்தில்தான்.

வழக்கமான டீ போலப் பெரிய பாத்திரத்தில் போட்டு மூன்று நிமிடம் மூடி வைப்பது முதல் தவறு. இது அசாம் தேயிலையின் இனத்தைச் சேர்ந்த பெரிய இலை. சாறு வேகமாக இறங்கும். 100 மில்லி பிடிக்கிற கைவானுக்கு (மூடியுள்ள சின்னக் கிண்ணம்) 6 கிராம் போதும். முதலில் கொதிநீர் ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள், அழுத்திய இலை இளகும். அப்புறம் ஐந்து முதல் பத்து நொடிக்குள் வடித்துவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை வடிப்பது முக்கியம். அடியில் தங்கிய தண்ணீரில் இலை ஊறிக்கொண்டே இருந்தால் அடுத்த கோப்பை கெட்டுவிடும். ஏழெட்டு முறை வடிக்கலாம், நல்ல இலை அதற்கு மேலும் தாங்கும். பால் மட்டும் வேண்டாம்.

கசப்பைக் குறைக்க 75, 80 டிகிரித் தண்ணீருக்கு இறங்குபவர்களும் உண்டு. கசப்பு குறையும், சரி. கூடவே சாற்றின் கெட்டித்தன்மையும் பின்னால் வரும் இனிப்பும் குறைந்துவிடும். நல்ல வட்டும் சுமாரான வட்டும் ஒரே மாதிரி தெரியும். நான் நேரத்தைத்தான் குறைப்பேன், சூட்டைக் குறைக்கமாட்டேன். ஒரு சின்ன விஷயம்: குன்மிங் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் கெட்டிலை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றினால் அதன் பக்கத்தில் வந்துவிடலாம். இலையை மதிப்பிடுவது நோக்கமென்றால் அந்தப் பொறுமையும் தேவையில்லை, கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். குறை இருந்தால் அப்போதே வெளியே வந்துவிடும்.

ருசி பார்ப்பதில் பெரிய குழப்பம், கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணுவது. விழுங்கிய பின் அரை நிமிடம் சும்மா இருங்கள். கசப்பு நாக்கின் பின்பக்கம் தாக்கிவிட்டுக் கரைய வேண்டும். கரைந்த இடத்தில், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அப்படியொரு இனிப்பு தொண்டையிலிருந்து மேலே வரும். சீனர்கள் ஹூய்கான் என்பது இதைத்தான். இந்த மாதிரிக் கசப்பு குறையே இல்லை. யுன்னானின் புலாங் மலை இலைக்குப் பேரே அதில்தான். துவர்ப்பு வேறு. கன்னத்தின் உட்புறமும் நாக்கும் வறண்டு சொரசொரப்பாகும். கொஞ்சம் துவர்த்து எச்சில் ஊறினால் பரவாயில்லை. ஐந்தாவது கோப்பைக்குப் பிறகும் வாய் வறண்டபடியே இருந்தால், அந்த வட்டை நான் வாங்கமாட்டேன். அதே மாகாணத்தில் யீவு பக்கத்து இலை பொதுவாக மென்மையானது. கசப்புக்கு அஞ்சுபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

மணத்தில் மயங்குவதும் நடக்கும். இளம் ஷெங் கிரீன் டீ போல வறுத்த வாசத்தோடு கமகமத்தால் சந்தேகப்படுங்கள். சட்டியில் சூடு அதிகமாக ஏறிய இலை இன்று குடிக்க இனிமையாக இருக்கலாம், ஆனால் பத்து வருடம் வைத்திருந்து குடிக்கலாம் என்ற கணக்கு அதில் பலிப்பது கடினம். ஊறிய இலையை விரித்துப் பாருங்கள். விரலால் தேய்த்தால் கூழாகாமல், தோல் மாதிரி வளைந்துகொடுக்க வேண்டும்.

உறையில் உள்ள எண்களைப் படிப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 7542 என்றால் 1975-ல் செய்த தேநீர் என்று நினைத்துவிடுகிறார்கள். 75 என்பது அந்தக் கலவையை வகுத்த வருடம், 4 இலையின் தரம், 2 மெங்ஹாய் தொழிற்சாலையின் எண். போன வருடம் அழுத்திய வட்டிலும் 7542 என்றே இருக்கும். 'லாவ் பன்ஜாங்' (புலாங் மலையில் பேர்பெற்ற கிராமம்), 'நூற்றாண்டு மரத்து இலை' என்று மலிவாக வருவதை நம்ப வேண்டாம். அந்தக் கிராமத்து இலை கொஞ்சம்தான், விலையோ மிக அதிகம். பெயரைப் பார்த்து 357 கிராம் வட்டை முழுதாக வாங்குவதைவிட 25 கிராம் சாம்பிள் வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வட்டைக் கையால் நொறுக்காதீர்கள். ஓரத்தில் ஊசியைச் செருகி, படலம் படலமாக நெம்பி எடுங்கள். தூளான இலைதான் கசப்பை மொத்தமாகக் கொட்டும். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும், தலை சுற்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அங்கே அது வயதாகாமல் நின்றுவிடும், மீன் குழம்பு வாசமும் ஏறும். காகித உறையோடு அட்டைப்பெட்டியில் போட்டு, அடுப்படி, சாம்பிராணி, வெயில் மூன்றிலிருந்தும் விலக்கி வையுங்கள். சென்னை, கொழும்பு மாதிரி ஊர்களில் அடைமழைக் காலத்தில் மட்டும் காற்றுப் புகாத பைக்கு மாற்றிவிடலாம். மழை விட்டதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஈரச் சாக்கு வாடை வந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ குடிக்க வேண்டாம்.