சைப்பானில் கடை போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

பசிபிக் கடலில் உள்ள வட மரியானா தீவுகள் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. புழங்குவது டாலர், தபாலும் அமெரிக்கத் தபால்தான். அதனால் எல்லாமே கலிஃபோர்னியா மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தலைநகர்த் தீவான சைப்பானில் வந்து இறங்குகிறார்கள். நாங்கள் வந்த காலத்தில் பலர் விழுந்த அதே குழிகளில் இன்றும் ஆட்கள் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உரிமம், வங்கிக் கணக்கு போன்றவற்றை அந்தந்த அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

பினாமி பெயரில் நிலம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இங்குள்ள அரசியலமைப்பின் 12-வது பிரிவுப்படி, வட மரியானா வம்சாவளியினர் (இத்தீவுகளின் சமோரோ, கரோலினிய இன மக்களின் வழிவந்தவர்கள்) மட்டுமே நிலத்தை நிரந்தரமாகச் சொந்தம் கொள்ளலாம். மற்றவர்களுக்குக் குத்தகைதான், அதுவும் அதிகபட்சம் 55 ஆண்டு. நியூயார்க்கிலிருந்து வரும் அமெரிக்கக் குடிமகனுக்கும் இதே கதிதான். கம்பெனி பெயரில் வாங்கலாமா என்றால், இயக்குநர்களும் வாக்குரிமைப் பங்குகளும் முழுக்க வம்சாவளியினர் கையில் இருக்க வேண்டும்.

உடனே குறுக்குவழி தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கூட்டாளியின் மனைவி பெயரில் மனை வாங்கி, தன் பணத்தில் கட்டடமும் எழுப்பினார். 'உண்மையான உரிமையாளர் நான்தான்' என்று தனியாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டார். கூட்டு உடைந்ததும் அந்தத் தாளை வழக்கறிஞரிடம் கொண்டுபோனார். 12-வது பிரிவை மீறும் பரிவர்த்தனை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மீறலுக்கு அவரே சாட்சி எழுதி வைத்திருந்தார்! மனையும் போச்சு, கட்டடமும் போச்சு.

சரி, நேர்மையாகக் குத்தகைக்கே போகிறீர்கள். '55 ஆண்டு, விரும்பினால் மேலும் 10' என்று எழுதாதீர்கள். நீட்டிக்கும் உரிமையும் சேர்த்துத்தான் 55. அப்புறம், நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கலாம். சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடும் பேரனுக்கு ஹவாயிலும் குவாமிலும் பங்காளிகள் இருப்பார்கள். பதிவலுவலகத்தில் வில்லங்கம் பார்த்து, வாரிசுரிமை நீதிமன்றத்தில் தீர்ந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் முன்பணம் தராதீர்கள்.

இந்தச் சட்டத்தைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1980-களில் ஜப்பானியப் பணம் ஹோட்டல்களாக வந்து குவிந்தபோது, இது மட்டும் இல்லையென்றால் ஊர்க்காரர்களுக்குச் சொந்த மண்ணில் மனை மிஞ்சியிருக்காது.

லாபம் வந்தால்தானே வரி?

இல்லை. மொத்த வரவின் மேல் வரி, 5 சதவீதம் வரை. நட்டத்தில் ஓடினாலும் கட்ட வேண்டும்.

ஒரே வாடிக்கையாளர் கூட்டத்தை நம்புவது

ஒவ்வொரு நாடும் இவ்வளவு ஆடைதான் ஏற்றுமதி செய்யலாம் என்றிருந்த ஒதுக்கீட்டு முறை 2005-இல் முடிந்ததும், இங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. 2009-இல் கடைசியும் போனது. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சைப்பான் விமானத்தை நிறுத்தியதும் அதே 2005-இல்தான். ஜப்பானியருக்கென்றே பெயர்ப்பலகை எழுதிய, சைப்பானின் சுற்றுலாப் பகுதியான கரபானின் கடைகள் அதில் அடிபட்டன. அப்புறம் கொரியர், சீனர் என்று கூட்டம் மாறியது. 2018-இல் யூட்டு புயல், அடுத்து கொரோனா. அதனால் ஊர்க்காரர்களும் வாங்கும் பொருள் கொஞ்சமாவது கடையில் இருக்கட்டும்.

சி.டபிள்யூ-1 விசா

வெளிநாட்டுப் பணியாளரை இந்தத் தீவுகளில் மட்டும் தற்காலிகமாக வேலைக்கு வைக்கும் விசா இது. விண்ணப்பத் தேதி தவறினால் ஆள் இல்லை.

துக்க வீட்டு விடுப்பு

சமோரோ வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஒன்பது நாள் ஜெபமாலை நடக்கும். பணியாளர் விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். முதலாளியும் ஒரு நாள் சாயங்காலம் போய் உட்கார வேண்டும், உறையில் பணம் வைக்க வேண்டும். சென்சுலே என்கிற இந்த மொய்யை யார் தந்தார் என்று குடும்பம் எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும். போகாதவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

புயல் காப்பீடு

வாடகைக் கட்டடமானாலும், உள்ளே இருக்கும் சரக்குக்குத் தனியாக எடுங்கள்.