நாய்க் கண்காட்சிக்கு எந்த லென்ஸ்?

நாய்க் கண்காட்சியில் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே நிற்கப் போகிறீர்கள்? நாய்களை நடுவர் பார்வையிடும் கயிறு கட்டிய இடமான ரிங்குக்கு வெளியே, கயிற்றை ஒட்டி, மற்றவர்களுக்கு நடுவில் நின்றுதான் எடுக்க முடியும் என்றால் நாய் உங்களிடமிருந்து நாலு மீட்டரிலும் இருக்கும், பன்னிரண்டு மீட்டரிலும் இருக்கும். வெளியே ஓர் ஓரமாக, நாயைப் பிடித்து நடத்தும் ஹேண்ட்லரோடு பேசி நாயை நிறுத்திவைத்து எடுக்கலாம் என்றால் தூரம் உங்கள் கையில். இந்த இரண்டுக்கும் வேறு வேறு லென்ஸ் வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வீட்டு நாயைப் படமெடுப்பதும் ஷோ நாயைப் படமெடுப்பதும் ஒன்றல்ல. வீட்டு நாயின் படத்தில் மூக்கு பெரிதாக, கண் உருண்டையாக வந்தால் எல்லோரும் கொஞ்சுவார்கள். ஷோ நாயை வளர்ப்பவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். அவர் கண் முதலில் போவது முதுகுக் கோட்டுக்கு. அப்புறம் முன்னங்கால்கள் நேராக இருக்கின்றனவா, பின்னங்காலின் வளைவு சரியா, வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். பின்னணி எவ்வளவு அழகாக மங்கியிருக்கிறது என்பதெல்லாம் கடைசியில்தான். ஆகவே நாயின் உடம்பை உள்ளபடி காட்டும் லென்ஸ்தான் நமக்கு வேண்டும்.

உடம்பு உருமாறித் தெரிவதற்குக் காரணம் தூரம். 80 சென்டிமீட்டர் நீள உடம்புள்ள நாய் உங்களைப் பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை உங்களிடமிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் பின்பக்கம் 1.8 மீட்டரில் இருக்கிறது. படத்தில் பின்பக்கம் இருக்க வேண்டியதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும். தலை பெருத்து, இடுப்பு சூம்பிய நாய்! அதே நாயை ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வித்தியாசம் ஏழில் ஒரு பங்குதான், கண்ணுக்கு உறுத்தாது. எந்த லென்ஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் நின்ற தூரத்திலிருந்து எவ்வளவு பரப்பு ஃப்ரேமுக்குள் வரும் என்பதை மட்டும்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது. லென்ஸின் மி.மீ. எண் சிறிதாக இருந்தால் பரப்பு கூடும், பெரிதாக இருந்தால் குறையும். 35 மி.மீ. லென்ஸ் ஷோ நாய்க்கு ஆகாது என்று சொல்வதன் காரணமும் இதுதான்: அதில் நாயை ஃப்ரேம் நிறையக் கொண்டுவர ஆசைப்பட்டு நீங்களே கிட்டே போய்விடுவீர்கள்.

சரி, ரிங்குக்கு வருவோம். நடுவர் நாயை நேராக ஓடவிட்டுத் திரும்பி வரச் சொல்கிறார். ரிங்கின் அந்தக் கோடியில் நாய் திரும்பும்போது உங்களுக்குப் பதினொரு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ளது) 200 மி.மீ. வைத்தால் அங்கே இரண்டு மீட்டர் அகலம் ஃப்ரேமுக்குள் வரும். ஒரு பெரிய நாய் ஓடும் நிலையில் நன்றாக அடங்கும். இப்போது அது உங்களை நோக்கி வருகிறது. நீங்கள் இடது கையால் ஜூமைத் தளர்த்திக்கொண்டே வருகிறீர்கள். 150, 100, கடைசியில் 70. நாய் நாலு மீட்டரில் வந்து நிற்கும்போதும் ஃப்ரேமின் அகலம் அதே இரண்டு மீட்டர்தான். முழு ஓட்டத்திலும் நாய் ஒரே அளவில் உங்கள் ஃப்ரேமுக்குள் இருந்தது. 70-200 லென்ஸை ரிங் ஓரத்தில் இத்தனை பேர் வைத்திருப்பதற்கு இந்தச் சில நொடிகள்தான் காரணம். வேறு எந்த லென்ஸும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்யாது.

கேமராவில் இருப்பது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அதில் 70 மி.மீ. என்பது 105 போல வேலை செய்யும். ரிங் சிறிதாக இருந்தால் கிட்டே வரும் நாயின் காதோ பாதமோ வெட்டுப்படும், ஹேண்ட்லரையும் சேர்த்து எடுக்க இடமே இருக்காது. ஃபுல் ஃப்ரேமிலேயே 70 மி.மீ. லென்ஸில் ஐந்து மீட்டரில் கிடைக்கும் உயரம் 1.7 மீட்டர்தான், நிற்கிற ஆள் தலை முட்டிக்கொள்வார். கிராப் கேமராக்காரர்களுக்கு 50 மி.மீ.யில் ஆரம்பிக்கும் டெலி ஜூம் கிடைத்தால் அதுவே வசதி. கேமராவைச் செங்குத்தாகப் பிடிப்பதும் ஒரு வழிதான், ஆனால் ஓடுகிற நாய்க்கு அது ஒத்துவராது.

அடுத்து வெளிச்சம். பகலில் திறந்தவெளி ஷோ என்றால் 70-300 மாதிரியான, எஃப் 4.5-5.6 சாதாரண ஜூமே போதும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் உள்ளே விடும்). இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வெயிலில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். ஹாலுக்குள் போனதும் கதை மாறிவிடும். நமக்குப் பளிச்சென்று தெரிகிற ஹால் கேமராவுக்கு இருட்டு. ஓடும் நாயின் கால் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/800 நொடியாவது வேண்டும். எஃப் 2.8இல் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 3200 வைத்து எடுக்க முடிகிற இடத்தில் எஃப் 5.6 லென்ஸுக்கு 12800 வேண்டும். கறுப்பு லாப்ரடாரை 12800இல் எடுத்துப் பாருங்கள். ரோமத்தின் பளபளப்பு போய் வெறும் புள்ளி புள்ளியாக நிற்கும்.

எஃப் 4 நடுவழி. எஃப் 2.8ஐவிடப் பாதி வெளிச்சம்தான் உள்ளே விடும், ஆனால் எடையும் கிட்டத்தட்டப் பாதிதான். பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ இருக்கும். கேமராவோடு சேர்த்துக் காலையிலிருந்து கடைசிச் சுற்று வரை தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். கடைசிச் சுற்றில்தான் நல்ல நாய்கள் எல்லாம் வரும் என்பது வேறு! புதிய மிரர்லெஸ் வகைகளில் சில ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டன. கனமான லென்ஸ்தான் என்றால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைபாட் வேண்டாம், ரிங் ஓரத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

எஃப் 2.8 லென்ஸ் இருக்கிறது என்பதற்காக எப்போதும் அதிலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. 200 மி.மீ., எஃப் 2.8, ஐந்து மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர். போர்சாய், கோலி மாதிரி நீள முகம் உள்ள நாய் உங்களை நேராகப் பார்த்தால் கண் தெளிவாக இருக்கும், மூக்கு மங்கிவிடும். ஸ்டாக் செய்து, அதாவது நடுவர் பார்க்க நாலு காலையும் சரியாக ஊன்றிப் பக்கவாட்டில் நிற்கும் நாயிலோ இந்தப் பக்கத்துக் கால்கள் தெளிவு, அந்தப் பக்கத்துக் கால்கள் மங்கல். நான் ஸ்டாக் படத்துக்கு 135 மி.மீ., எஃப் 4 பக்கம்தான் போவேன். அதே ஐந்து மீட்டரில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது. நாலு காலும் வந்துவிடும். நாய் நிற்பதால் ஷட்டர் 1/250 போதும், ஹாலிலும் சமாளிக்கலாம். கேமரா நாயின் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். டாக்ஸ்ஹண்டுக்கு இதற்காகத் தரையில் படுக்கத்தான் வேண்டும். நடுவர் பார்க்க அதை மேசைமேல் ஏற்றும் நேரம் வந்தால் பிழைத்தீர்கள்.

ஸ்டாக் படமும் முகப் படமும் மட்டும் போதும், ரிங் ஓட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) போதும். சின்னது, லேசானது, இருட்டிலும் எடுக்கும். ஆனால் அதை ரிங் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கோடியில் உள்ள நாய் எறும்பாகிவிடும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பலரும் முதலில் வாங்குவார்கள். கிராப் கேமராவில் ஸ்டாக் படத்துக்குப் பரவாயில்லை. பின்னணிதான் சிக்கல். ஷோவில் பின்னணி என்றால் மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் பாட்டில், கூண்டு, யாருடைய கால்களோ. தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் நாய்க்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டுப் பின்னணிதான் விழும். ஒரு அடி நகர்ந்து நாற்காலியை வெளியே தள்ளிவிடலாம். குட்டை லென்ஸில் நாற்காலி வரிசை மொத்தமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆட்டோஃபோகஸ் பற்றி விளம்பரத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். லென்ஸுக்குக் கஷ்டமான வேலை, நாய் நேராக உங்களை நோக்கி ஓடி வருவது. வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கோ இரவலோ எடுத்து, ஏதாவது ஒரு நாயை உங்களை நோக்கி ஓடவிட்டு, 200 மி.மீ.யில் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து (மிகச் சிறிய எஃப் எண்ணில்) தொடர்ச்சியாக எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, கண் தெளிவாக விழுந்தவற்றை எண்ணுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் அந்த லென்ஸ் உங்கள் கேமராவோடு ஒத்துப்போகவில்லை. கேமரா நாயின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான்; ஓல்ட் இங்கிலீஷ் ஷீப்டாக் மாதிரி கண்ணை ரோமம் மூடிய இனங்களிடம் அது திணறும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி நெற்றியில் வையுங்கள்.

ஸ்டெபிலைசேஷனுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்கும், நாயின் ஓட்டத்தை அடக்காது. 1/800இல் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் ஸ்டெபிலைசர் இல்லாத பழைய எஃப் 2.8 லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். ஒரு டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியே உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஜூம் வளையம் சீராகச் சுழல வேண்டும், 70இலும் 200இலும் ஃபோகஸ் தயங்காமல் பிடிக்க வேண்டும். உள்ளே இரண்டொரு தூசு இருந்தால் படத்தில் தெரியாது.

ஃபிளாஷ் அடிக்க நினைப்பவர்கள் முதலில் ஏற்பாட்டாளரிடமும் ஹேண்ட்லரிடமும் கேளுங்கள். ரிங்கில் இருக்கும் நாயின் கவனத்தை வெளியிலிருந்து விசில் அடித்துத் திருப்புவது அதைவிட மோசம்; அடுத்த முறை உங்களை யாரும் பக்கத்தில் விடமாட்டார்கள்.

இன்னும் குழப்பமாக இருந்தால் எதையும் வாங்காமல் கையில் இருக்கும் ஜூமையே ஒரு ஷோவுக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து, உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் ஒதுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று கேமரா பதிந்துவைத்த விவரத்தில் பாருங்கள். பெரும்பாலானவை ஜூமின் கடைசி எண்ணிலேயே குவிந்திருந்தால் உங்களுக்கு நீளம் போதவில்லை. எல்லாம் 85க்கு முன்னும் பின்னுமாக இருந்தால் பிரைம் லென்ஸ் போதும். 70இலிருந்து 200 வரை சிதறிக் கிடந்தால், ஹாலா வெளியா என்று மட்டும் பார்த்து எஃப் 2.8ஆ எஃப் 4ஆ என்று முடிவு செய்யுங்கள்.