காப்பு இறுவட்டில் பெரிய கோப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் திருமணங்களைப் படம்பிடிக்கும் ஸ்டூடியோக்களிலும், குடும்பக் காணொளிகளை டிவிடியில் சேமிக்க விரும்பும் வீடுகளிலும், காலி இறுவட்டில் இடம் இருக்கும்போதே கோப்பு ஏற மறுப்பது பலரைக் குழப்புகிறது. இறுவட்டின் கொள்ளளவையும் அதில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதும் வடிவமான கோப்பு முறைமையின் வரம்பையும் ஒன்றாகக் கருதுவதே இங்கு முதல் தவறு.

பழைய ஐஎஸ்ஓ 9660 முறைமை கோப்பின் அளவை 32 பிட்டுகளில் குறித்துவைப்பதால், ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. அதன் மூன்றாம் நிலை ஒரு கோப்பைப் பல துண்டுகளாக எழுத அனுமதித்தாலும், அதை எல்லா மென்பொருள்களும் சரியாக வாசிப்பதில்லை. எனவே 25 ஜிபி புளூ-ரே வட்டில் 10 ஜிபி காணொளியை எழுதுவோர் கோப்பைப் பிரிக்க முற்படுவதற்கு முன், எழுதும் மென்பொருளில் பெரிய கோப்புகளை ஏற்கும் யூடிஎஃப் முறைமையை மட்டும் தெரிவு செய்தாலே போதும். 'ஐஎஸ்ஓ, யூடிஎஃப் இரண்டும்' என்பதைத் தெரிவு செய்தால் பழைய வரம்பும் கூடவே வந்துவிடும். எழுதுவதற்கு முன் கோப்பை எஃப்ஏடி32 கோப்பு முறைமை கொண்ட பென் டிரைவில் வைப்பவர்களுக்கும் இதே 4 ஜிபி தடை உண்டு.

கோப்பு வட்டையே விடப் பெரிதாக இருந்தால்தான் பிரித்தல் உண்மையில் தேவைப்படும். பெரும்பாலான சேதம் நேர்வதும் அங்கேதான். டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருப்பது 1000இன் மடங்கில் எண்ணப்பட்டது. விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுவதால் அதையே ஏறத்தாழ 4.38 என்று காட்டுகிறது. இதை அறியாமல், கோப்பைப் பிரிக்க உதவும் 7-சிப் மென்பொருளில் துண்டின் அளவை 4700எம் (இதுவும் 1024இன் மடங்கில் எண்ணப்படும் எம்பி) என்று கொடுத்தால் துண்டு வட்டில் கொள்ளாது. அம்மென்பொருளே டிவிடிக்கெனத் தரும் 4480எம் வட்டில் கொள்ளும், ஆனால் 4 ஜிபியைத் தாண்டுவதால் அதற்கும் யூடிஎஃப் வேண்டும். ஒரு வட்டுக்கு 2000எம் அளவில் இரண்டு துண்டுகள் வைப்பதையே நான் விரும்புவேன். எந்த முறைமையிலும் அவை சிக்கலின்றி ஏறும், சரிபார்ப்புக் கோப்புக்கும் இடம் மிஞ்சும். காணொளி ஏற்கெனவே சுருக்கப்பட்டிருப்பதால், மேலும் சுருக்க முயன்று நேரத்தை வீணாக்காமல் சுருக்காமல் அப்படியே வைக்கும் 'ஸ்டோர்' நிலையிலேயே பிரிக்கலாம்.

பிரித்த துண்டுகளில் ஒன்று கெட்டாலும் முழுக் கோப்பையும் ஒழுங்காக மீட்க முடியாமற் போகலாம் என்பதால், கெட்ட பகுதிகளைச் சீர்செய்ய உதவும் பார்2 மீட்புக் கோப்புகளை உருவாக்கி, அவற்றைத் துண்டுகள் இருக்கும் வட்டில் அல்லாமல் தனி வட்டில் வைக்க வேண்டும். ஒரே வட்டில் வைத்தால், கொழும்பின் ஈரப்பதமான காற்றில் அவ்வட்டு கெடும்போது மருந்தும் நோயாளியும் ஒன்றாகப் போய்விடும். எழுதி முடிந்ததும் மூலக் கோப்பை அழித்துவிடாமல், எல்லா வட்டுகளையும் வேறொரு கணினியின் டிரைவில் இட்டு, துண்டுகளை இணைத்து, கிடைக்கும் கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை) மூலத்தின் மதிப்போடு ஒப்பிட்ட பின்னரே வன்தட்டில் இடத்தை விடுவிக்க வேண்டும்.